தண்ணீரை வடித்தாயா?

குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று கவலைப்படுவதுதான் நமக்கெல்லாம் பழக்கம். குழாயில் தண்ணீர் தங்கிவிட்டதே என்று கவலைப்படும் ஊரும் உண்டு என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? அமெரிக்காவில், மின்னஸோட்டா மாகாணத்தில், என் பெண் குடித்தனம் நடத்தும் ஊர் அப்படிப்பட்டது.

அவர்களிடம் ஒரு வீட்டு வண்டி இருக்கிறது. பார்வைக்கு பஸ் மாதிரிதான். உள்ளே கட்டில், அடுப்பு, ஸ்நான அறை, வெந்நீர்த் தொட்டி எல்லாம் உண்டு. கோடையில் குழந்தைகளோடு ஏரிக்கரையில் போய்த் தங்குவார்கள். தவணைப் பணம் இன்னும் பாக்கி. அக்டோபர் வந்தால் அந்த வண்டிக்கு ஒரு கண்டம்! ஜலம் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கிறது. மூடிய குழாயில் அதற்கு இடமேது? குழாய் வெடிக்கும், பம்பு விரியும். பனிக்காலம் முழுவதும் வெளியே தெரியாது. வசந்தத்தில் தண்ணீர் விட்டதும்தான் தரையெல்லாம் ஆறாக ஓடும்.

சென்ற ஆண்டு அக்டோபரில் நான் அங்கே இருந்தேன். மாப்பிள்ளை வெளியூர் போயிருந்த சமயம், இரவு கடும் உறைபனி என்று அறிவிப்பு வந்தது. "நாமே செய்துவிடலாம், அம்மா" என்றாள் பெண்.

முதலில் வெந்நீர்த் தொட்டியை அணைத்து ஆற விட்டோம். சூட்டோடு அடைப்பானைத் திறந்தால் கொதிநீர் மேலே பீறிடும். ஆறிய பிறகு எல்லாத் தொட்டிகளையும் காலி செய்தோம். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவள் நான், மனசு கேட்குமா? நல்ல தண்ணீரில் இரண்டு வாளி பிடித்து, வீட்டைத் துடைத்தேன்!

குழாய்களில் மிஞ்சிய ஜலத்தை வெளியே தள்ள, உறையாத திரவம் ஒன்றைச் செலுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தம் காருக்கு வாங்கியதில் மிச்சத்தைக் கொண்டு வந்தார். பெண் பணிவாக மறுத்துவிட்டாள். காருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால்; தித்திக்கும், ஆனால் கொடிய விஷம். குழந்தைகள் பல் துலக்கும் குழாயில் அதை விடலாமா? இதற்கென்று ப்ராபிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவம் கடையில் கிடைக்கிறது.

வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைத்தோம். இல்லாவிட்டால் 6 காலன் திரவத்தை அதுவே குடித்துவிடும். பிறகு பம்பு இழுக்க, நான் ஒவ்வொரு குழாயாகத் திறந்தேன். தண்ணீர் போய் ரோஸ் மில்க் நிறம் வந்ததும் மூடினேன். சுடுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், ஷவர், கழிப்பறை எதையும் விடவில்லை. தொட்டிகளின் அடியிலுள்ள வளைகுழாய்களிலும் ஒவ்வொரு கோப்பை ஊற்றினோம். மொத்தம் 3 காலன் செலவு.

இந்த ஏப்ரல் கடைசியில், நல்ல தண்ணீர் விட்டு நிறம் போகும்வரை அலசினாளாம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று டெலிபோனில் சொன்னபோது அவள் குரலில் எத்தனை பெருமை!

உங்கள் பிள்ளையோ பெண்ணோ குளிர் தேசத்தில் இப்படி ஒரு வண்டி வைத்திருந்தால், "சாப்பிட்டாயா?" என்பதோடு, "தண்ணீரை வடித்தாயா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.