ஆறடிக் கடையும் இரண்டு லென்ஸ்களும்

பழைய தில்லியில் ஒரு நாள்: 28-ஆ, 35-ஆ என்ற கேள்வியுடன்

சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்து கூச்சா சௌத்ரி என்றால் ரிக்‌ஷாக்காரர்கள் உங்கள் தோளைப் பார்க்கிறார்கள். காமிராப் பை தொங்குகிறதா என்று. அந்தச் சந்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காமிரா வாங்க வருகிறவர்கள். மீதிப் பேர் விற்க வருகிறவர்கள். அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் புதிய டிஜிட்டல் காமிராக்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் கீழ் இழுப்பறையிலிருந்து பழையவை மேலே வரும்.

எனக்காக அன்று மேலே வந்தவை இரண்டு சின்ன லென்ஸ்கள். ஒன்று 28 மி.மீ., மற்றது 35 மி.மீ. இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். கடைக்காரர் செய்தித்தாளை விரித்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னிடம் இருந்த பணம் ஒன்றுக்குத்தான். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "பணத்தை வைத்துவிட்டு இரண்டையும் கொண்டு போங்கள், பாயி சாப். கடை மூடுவதற்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும்" என்றார்.

அவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, கைத்தறி நெசவாளர் ஒருவரைப் பற்றி எழுதப் போனபோது நண்பரிடம் 21 மி.மீ. லென்ஸை இரவல் வாங்கிப் போனேன். தறி, கூரை, வாசல், ஆட்டுக்குட்டி எல்லாம் படத்தில் வந்தன. நெசவாளர் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு நடுவில் எங்கேயோ இருந்தார். கட்டுரை படமில்லாமல் அச்சாயிற்று. "என் போட்டோ எங்கே?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை மொழிபெயர்ப்பாளனுக்கும் வரும். அதன் விளைவும் இதுதான்.

இந்த முறை எழுத வேண்டியிருந்தது உருது பஜாரில் மிஞ்சியிருக்கும் காதிப் ஒருவரைப் பற்றி. நாணல் பேனாவால் உருது எழுதுகிற கையெழுத்துக் கலைஞர்களைக் காதிப் என்பார்கள். ஒரு காலத்தில் உருதுப் பத்திரிகைகளின் ஒவ்வொரு வரியும் இவர்கள் கையால் எழுதப்பட்டு அச்சானது. 1990-களில் இன்பேஜ் என்ற மென்பொருள் வந்த பிறகு அந்த வேலை கணினிக்குப் போய்விட்டது. புகைப்படக்காரரை அனுப்ப வசதியில்லை, படத்தையும் நீங்களே எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியர் குழுவில் சொல்லிவிட்டார்கள்.

என் காமிரா ரேஞ்ச்ஃபைண்டர் வகை. வாய்க்ட்லாண்டர் என்ற பழைய ஜெர்மானியப் பெயரைத் தாங்கி, ஜப்பானின் கொசினா நிறுவனம் 2000-த்தில் வெளியிட்ட பெஸ்ஸா ஆர். இந்த வகைக் காமிராவில் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. மூலையில் இருக்கும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். நடுவில் ஒரே பொருள் இரண்டு பிம்பமாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் சரி. உள்ளே மேலும் கீழும் போகிற கண்ணாடி கிடையாது. அதனால் லென்ஸின் பின்பகுதி பிலிமுக்கு மிக அருகில் வரலாம். வைட் ஆங்கிள் லென்ஸ்களைச் சிறிதாகவும், நேர்க்கோடுகள் வளையாதபடியும் செய்வது இதனால் சுலபமாகிறது. ஷட்டர் விழும்போது கண்ணாடி எகிறி அதிர்வதும் இல்லை.

சங்கடமும் உண்டு. எந்த லென்ஸைப் போட்டாலும் ஜன்னல் காட்டுவது ஒரே காட்சியைத்தான். படத்தின் எல்லையை உள்ளே ஒளிரும் கோடுகள்தான் சொல்லும். என் காமிராவில் 35-க்குக் கோடு உண்டு, 28-க்குக் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு குட்டி வியூஃபைண்டரைக் காமிராவின் தலையில் செருக வேண்டும். ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொன்றில் எல்லை. ஆனால் கண்ணாடி போட்ட எனக்கு 35-இன் நான்கு மூலைகளும் ஒரே சமயத்தில் தெரிவதில்லை. குட்டி ஃபைண்டரில் எல்லாம் தெரிந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காகிதத்தில் வித்தியாசம் சிறிது. 35-இன் பார்வைக் கோணம் 63 பாகை; 28-க்கு 75. நடைமுறைக்கு இன்னும் எளிய கணக்கு உண்டு. 35-ஐப் போட்டுப் பத்தடி தள்ளி நின்றால் ஏறக்குறைய பத்தடி அகலம் படத்தில் வரும். 28 என்றால் பதின்மூன்று அடி. அந்த மூன்றடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிரதான வீதியில் அந்த மூன்றடியில் ஒன்றுமே இல்லை. ஷாஜகானின் மகள் ஜஹனாரா வகுத்த வீதி இது. 2021-இல் சிவப்புக் கற்கள் பாவிப் புதுப்பித்து, பகலில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். 28-இல் பார்த்தால் பாதிப் படம் சிவப்புத் தரை. மனிதர்கள் தூரத்தில் எறும்புகள். 35-இல் ஒரு கைவண்டிக்காரரும் அவர் சுமையும் சரியாக உட்கார்ந்தார்கள். முதல் சுற்று 35-க்கு.

கினாரி பஜாரில் நுழைந்ததும் நிலைமை தலைகீழ். இருபுறமும் ஜரிகைக் கடைகள், நடுவில் இரண்டு ஆள் நடக்க இடம், அதில் ஒரு ஸ்கூட்டர். இங்கே இரண்டு பிம்பங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் ஜனங்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். 28-இல் எஃப் 8 வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்திவிட்டால் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். ஃபோகஸைத் தொடவே வேண்டாம். 35-இல் இதே வசதி இரண்டரை மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். இந்தச் சந்தில் இரண்டரை மீட்டருக்கு அப்பால் யாரையும் பார்க்க முடியாது. இடையில் மூன்று பேர் இருப்பார்கள். ஆனால் ஓரத்தில் அகப்பட்ட சிறுவனின் முகம் பூசணிக்காய் போல அகன்றுவிடும் என்பதையும் 28 கூடவே கொண்டுவருகிறது.

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1948-இல் இதே தில்லியில் காந்தியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். அவர் வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் நம்பியது 50 மி.மீ. லென்ஸை. அமெரிக்கரான கேரி வினோகிராண்ட் நியூயார்க் தெருக்களில் 28-ஐ வைத்துக்கொண்டு மனிதர்களுக்கு மிக அருகில் போனார். இருவர் கையிலும் லைக்கா என்ற அதே ரேஞ்ச்ஃபைண்டர்தான். இருவரையும் பின்பற்ற எனக்கு ஆசை, பணம் ஒருவருக்குத்தான்.

ஜமா மசூதிக்கு எதிரே உருது பஜார். காதிப்பின் கடை ஆறடி அகலம், ஐந்தடி ஆழம். எழுபதைக் கடந்தவர். சுவரோரம் சம்மணமிட்டு, முழங்காலில் பலகை வைத்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். கையிலிருந்த பேனாவைக் காட்டினார்.

"இதன் நுனியை ஒரு தடவை வைத்து எடுத்தால் ஒரு புள்ளி. நுக்தா. அலிஃப் இத்தனை நுக்தா உயரம், பே இத்தனை நுக்தா நீளம் என்று கணக்கு. பேனாவை மாற்றினால் நுக்தா மாறும். நுக்தா மாறினால் எழுத்து முழுவதும் மாறும். பக்கத்தின் நடுவில் பேனாவை மாற்றுகிறவன் காதிப் இல்லை, பேட்டா."

மகன் இதே தெருவில் கணினியில் உருது டைப் செய்கிறாராம். "வேகமாகச் செய்கிறான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

காமிராவை எடுத்ததும் ஒரு நிபந்தனை போட்டார். அவருக்கு வலப்புறம், சுவரின் கோடியில், சட்டமிட்ட பழுப்புத் தாள் ஒன்று தொங்கியது. அவருடைய உஸ்தாத் எழுதியது. "என்னை எடுத்தால் அவரும் வர வேண்டும். எழுத்து கெடாமல் வர வேண்டும்."

நான் கடை விளிம்பில் இருந்தேன். பின்சுவர் என்னிடமிருந்து நாலரை அடி. 35-இல் நாலரை அடி அகலம்தான் வரும். காதிப் இருப்பார், உஸ்தாத் வெளியே. இன்னும் பின்னால் போனால் தெரு. ஒவ்வொரு விநாடியும் யாராவது குறுக்கே வந்தார்கள். 28-இல் ஏறக்குறைய ஆறடி, அதாவது முழுச் சுவரும். ஆனால் தாள் படத்தின் ஓரத்தில் விழுகிறதே? கினாரி பஜார் சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. நுக்தா கணக்குப் பார்க்கிறவரிடம் இழுபட்ட அலிஃபைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?

அப்போதுதான் எப்போதோ படித்தது உதவியது. ஓரத்தில் இழுபடுவது தலை, பந்து, பானை போன்ற கனமுள்ள பொருட்கள். தட்டையான தாள் பிலிமுக்கு இணையாக இருந்தால் அதன் அளவு விகிதம் ஓரத்திலும் மாறாது. காமிராவைச் சாய்த்தால்தான் கெடும். ஆகவே மனிதரை நடுவிலும் தாளை ஓரத்திலும் விட்டு, காமிராவைச் சுவருக்கு நேராக வைக்க வேண்டும். கையில் பிடித்து அப்படி நிற்க முடியாது. அவருடைய புத்தகங்களையே அடுக்கி அதன் மேல் வைத்தேன். மனிதரும் சுவரும் தெளிவாக வர எஃப் 8. ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்துக்கு எட்டில் ஒரு விநாடி. 35-இல் திறப்பு 2.5 வரை போகும், 28-இல் 3.5 வரைதான் என்று காலையில் நான் பட்ட கவலைக்கு இங்கே வேலையே இருக்கவில்லை.

எட்டில் ஒரு விநாடிக்குள் அவர் கை அசைந்தால் போயிற்று. ஆனால் கோட்டின் முடிவில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்று கவனித்திருந்தேன். அவர் மூச்சைப் பிடித்தபோது நானும் பிடித்தேன். ஷட்டரின் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை.

மாலையில் கூச்சா சௌத்ரியில் 35-ஐத் திருப்பிக் கொடுத்தேன். வீதியிலும் மைதானத்திலும் மனிதர்களைப் படமெடுக்கிறவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். 35-தான் சௌகரியம், தலையில் குட்டி ஃபைண்டர் சுமக்கவும் வேண்டாம். நான் போகிற இடங்கள் ஆறடிக் கடைகள்.

கட்டுரை அந்தப் படத்துடன் வந்தது. பெரிய பிரதி ஒன்று போட்டுக்கொண்டு உருது பஜாருக்குப் போனேன். காதிப் அதை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஒரு மெல்லிய நாணலை எடுத்து நுனியைச் சீவி, படத்திலிருந்த உஸ்தாதின் அலிஃப் மேல் மையில்லாமல் ஒற்றி ஒற்றி எண்ணினார். பே-யையும் எண்ணினார்.

"சரியாக இருக்கிறது" என்றார். தன் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. பலகையில் இடம் ஒதுக்கி, தேநீர் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.