மகள் நினைவூட்டிய அமானிதம்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது என் மகள் வாசலிலேயே காத்து நின்றாள். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். திங்கட்கிழமை காலை 11 மணிக்குத் தொலைபேசி வழியே முதற்கட்ட நேர்காணல் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். அவள் முகத்தில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்திருந்தது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். பி.காம். தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதித் தேறிவிட்டாள்; ஆனால் யாரேனும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் நா ஒட்டிக்கொள்ளும். நேரில் என்றால் முகமும் கையும் துணைக்கு வரும். தொலைபேசியிலோ குரல் ஒன்றுதான் பேச வேண்டும்.

அன்றிரவே ஆயத்தம் தொடங்கிற்று. நிறுவனம் கேட்டிருந்த தகுதிகளை ஒரு தாளின் இடப்பக்கம் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் நேராக, தான் செய்த ஒரு காரியத்தை வலப்பக்கம் எழுத முயன்றாள். பல இடங்கள் வெறுமையாகவே இருந்தன. தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து கேட்டாள். மனப்பாடம் செய்தது ஒப்பிப்பது போலவே ஒலித்தது. எனவே முழு வாக்கியங்களை விட்டுவிட்டு, குறிப்புச் சொற்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டாள். எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில் இருப்புப்பாதைக்கு அருகில் உள்ளது. மின்சார ரயிலின் ஓசை எத்தனை பெரிது என்பது அந்தப் பதிவைக் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. சாலைப் பக்க அறையை விட்டுப் பின்கட்டு அறைக்கு மாறினாள்.

வெள்ளி இரவு என் மூத்த மகன் ஒரு யோசனை சொன்னான். “நீ ஒலிபெருக்கியில் போடு. நான் மடிக்கணினியோடு பக்கத்தில் இருக்கிறேன். பதிலைத் தட்டச்சு செய்து தருகிறேன், நீ பார்த்துச் சொன்னால் போதும். இப்போது பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.”

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே உள்ள ஒரு தகப்பனின் கவலை என் வாயை அடைத்துவிட்டது. அது மட்டுமன்று, மார்க்கத்திலிருந்தே ஒரு நியாயத்தையும் தேடிச் சொன்னேன். “மூஸா (அலை) அவர்களே தம் சகோதரரைத் துணைக்குத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்டார்கள் அல்லவா, மகளே?”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் மொழிபெயர்ப்போடு என்னிடம் வந்தாள்.

“அத்தா, தாஹா அத்தியாயத்தைப் பார்த்தேன். நெஞ்சம் விரிய வேண்டும், நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்றுதான் மூஸா நபி முதலில் கேட்டார்கள். அதன் பிறகே ஹாரூன் நபியைத் துணைக்குக் கேட்டார்கள். ஆனால் ஹாரூன் நபி மறைந்து நிற்கவில்லையே! இருவரும் ஃபிர்அவ்னிடம் வெளிப்படையாகவே அனுப்பப்பட்டார்கள். அண்ணன் என் பக்கத்தில் இருப்பதை அந்த அதிகாரியிடம் நாம் சொல்லப் போகிறோமா?”

என்னிடம் பதில் இல்லை. என் மகன் தலைகுனிந்தான்.

பின்னர் அவன் வேறு வகையில் துணை நின்றான். இரண்டு நாளும் மாடியிலிருந்து அவளைத் தொலைபேசியில் அழைத்து, அதிகாரியைப் போலக் கேள்விகள் கேட்டான். கேள்வி முடிந்ததும் ஒரு நொடி நிதானிக்கவும், புரியாவிட்டால் மீண்டும் கேட்கவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக்கினான். “கணக்கில் பிழையைக் கண்டுபிடித்த அனுபவம் உண்டா?” என்று ஒருமுறை கேட்டபோது அவள் தயங்கி, திடீரென நிமிர்ந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்த நாட்களில், எங்கள் ஜமாஅத்தார் உணவு சமைத்துக் கொடுத்தார்கள். வரவு செலவு எழுதியவள் இவள்தான். கணக்கு ஒத்துவராமல் ஓர் இரவு முழுதும் விழித்திருந்து, ஒரே ரசீது இருமுறை பதியப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். தாளின் வலப்பக்கத்தில் முதன்முறையாக ஒரு வெற்றிடம் நிரம்பியது.

திங்களன்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு அமர்ந்தாள். தாள், பேனா, தண்ணீர், முழுதும் சார்ஜ் ஏறிய கைப்பேசி. என் மனைவி குக்கரை அடுப்பில் ஏற்றவே இல்லை. கதவுக்கு வெளியே துஆவோடு அமர்ந்திருந்தோம். இடையில், “அது எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்வேன்” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது. ஒரு கணம் என் மனம் துணுக்குற்றது. அடுத்த கணம் கண்கள் நனைந்தன.

இதை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. கஸஸ் அத்தியாயத்தில், மத்யன் நகரத்துப் பெண் ஒருத்தி தன் தந்தையிடம் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி கூறுகிறாள். பணியாளுக்கு அவள் சொல்லும் தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. வலிமையைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம். நம்பகத்தன்மையை ஒரு காலை நேரத்தில் இழந்துவிடலாம். என் மகள் அதை இழக்க நானே துணைபோக இருந்தேன். அங்கும் தந்தைக்கு எடுத்துச் சொன்னவள் ஒரு மகள்தான்.

வேலை தேடும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்கித் தருவானாக. அவர்களை வழிதவறச் செய்யும் அவசரத்திலிருந்து பெற்றோராகிய நம்மையும் காப்பானாக. ஆமீன்.