பக்கம் 1412

எம்.ஃபில். பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பு ஒன்றில், ‘அபிதான சிந்தாமணி, 1910, ப. 1412’ என்று எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அவ்வரியைச் சுட்டி, “1910-ஆம் ஆண்டு நூலில் இந்தப் பக்கத்தைக் காட்ட இயலுமா?” என்று வினவினார். வினாவின் பொருளே எனக்கு விளங்கவில்லை.

காட்ட இயலாதுதான். ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய்ப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அந்நூல், பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வழி 1910-இல் வெளிவந்தது. அதன் அளவு ஏறத்தாழ 1050 பக்கங்களே. பின்னும் அவர் அதனைத் திருத்திப் பெருக்கி வந்து, 1931-இல் மறைந்தார். 1934-இல் அவர் மைந்தர் வெளிக்கொணர்ந்த இரண்டாம் பதிப்போ 1634 பக்கங்கள். புதுதில்லி மறுபதிப்பு இதனைப் பின்பற்றியதே. நான் புரட்டியது 1934-ஐ, எழுதியது 1910-ஐ. முதற்பதிப்பின் ஆண்டைக் குறித்தால் ஆய்வுக்குப் பெருமை என்னும் எண்ணமும் உள்ளூர இருந்தது.

எண்தானே பிழை என்பர் சிலர். நற்றிணை 1915-இலும் பெருங்கதை 1924-இலும் அச்சேறின. முதற்பதிப்பு உருவானபோது அவை அச்சுநூல்களாக இல்லை. ஆகவே ஒரு செய்தியை ஆசிரியர் எந்நூலைக் கண்டு எழுதினார் என ஆராயப் புகுவோனை, என் அடிக்குறிப்பு முற்றிலும் தவறான வழியில் செலுத்திவிடும். நபிமொழியை உரைப்பவர் அது யார்யார் வழி வந்தது என்னும் இஸ்னாத்தை முன்வைக்கும் மரபில் வந்த எனக்கு, இது பிறர் சொல்லியா தெரிய வேண்டும்!

நம் கொங்குநாட்டுப் பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்திலும் இவ்விடர் உண்டு. படங்களுடன் அமைந்த அதன் பத்துத் தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. மாணவர் அனைத்திற்கும் 1954 என்றே எழுதுகின்றனர். அவரே தொகுத்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் (1968–1976) பத்துத் தொகுதிகளே. ‘தூரன், கலைக்களஞ்சியம், தொகுதி 3’ என்றால் எதனைத் தேடுவது?

தேர்வாளர் அன்று கடிந்துகொள்ளவில்லை. தம் பேனாவை என்னிடம் நீட்டினார். நூலகத்திலுள்ள என் ஆய்வேட்டில், நீல மையால் அடிக்கப்பட்ட 1910-உம் அருகே நடுங்கிய கையெழுத்தில் 1934-உம் இன்றும் உள்ளன.