யாரோ காய்ச்சிய வெந்நீர்

வெந்நீர் ஊற்றில் குளிப்பதற்காக இமயமலைக்குப் போகிறோம் என்று சொன்னபோது காட்டாங்குளத்தூரில் எங்கள் தெருவே சிரித்தது. சித்திரை மாத மதியத்தில் இங்கே மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் நியாயம் புரியும். பக்கெட்டில் பிடித்து அரைமணி நேரம் ஆற வைத்துத்தான் குளிக்க வேண்டியிருக்கும்.

இதை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுகிறார். எழுதியதை முதலாமவர் அடிக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுத் தாம்பத்தியத்தில் இதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

2016 மாசியில் அம்மா காலமானார். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார். ஒன்பது ஆண்டுகள் படுக்கையில் இருந்தவர். கவனித்துக்கொண்டது பெரும்பாலும் மருமகள்தான் என்பதை மகன் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, தவலையில் வெந்நீர் வைத்து, கை பொறுக்கும் பதத்துக்கு விளாவி, துணியை நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்துவிடுவது முதல் வேலை. அந்த ஒன்பது ஆண்டுகளில் மருமகள் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. சாவுக்குப் பிறகு வீட்டில் வேலை குறைந்தது, பேச்சும் குறைந்தது.

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி அந்நாட்களில் படித்ததுதான் தொடக்கம். இராவணன் தன் தாயின் அந்திமக் கிரியைக்காக நிலத்தில் ஏழு இடங்களில் குத்தியதால் பிறந்தவை என்பது ஐதிகம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அங்கே போகலாம் என்று நினைத்தோம். கடவுச்சீட்டு இல்லை. தமிழ்நாட்டிலோ பேர் சொல்லும்படி ஒரு வெந்நீர் ஊற்றும் கிடையாது. இந்தியாவில் முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன என்கிறார்கள்; அவற்றில் இமாசலப் பிரதேசத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கிலுள்ள கீர்கங்காவைத் தேர்ந்தெடுத்ததற்கு, அங்கே வண்டி போகாது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை.

"வருஷம் திரும்பல, மலையேறக் கூடாது" என்று சொந்தத்தில் தடுத்தார்கள். கோயிலுக்குப் போகவில்லை, குளிக்கத்தான் போகிறோம் என்று சமாதானம் சொல்லிவிட்டு அக்டோபரில் புறப்பட்டோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, பிறகு தில்லியிலிருந்து பூந்தருக்குப் பேருந்தில் ஓர் இரவு. பியாஸுடன் பார்வதி நதி கலக்கும் ஊர் பூந்தர். அங்கிருந்து நதியை ஒட்டியே மணிகரன்.

மணிகரனில் ஊற்று கொதிக்கிறது. குருத்வாராவில் லங்கருக்கான அரிசியைத் துணியில் மூட்டை கட்டி அந்த நீரிலேயே இறக்கி வேகவைக்கிறார்கள். அடுப்பில்லாமல் வெந்த சோற்றை நாங்கள் முதன்முறையாகச் சாப்பிட்டோம். பக்கத்தில் எரிமலை ஏதும் இல்லை. மழையும் பனியுருகிய நீரும் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, வேறொரு பிளவைப் பிடித்து மேலேறி வருகின்றன. மேலே கைவிறைக்கும் குளிரில் ஓடும் நதி, அதன் கரையில் ஆவி பறக்கும் ஊற்று. இரண்டும் ஒரே மழையின் பிள்ளைகள் என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

பர்ஷைணியுடன் சாலை முடிகிறது. அப்போது அங்கே நீர்மின் திட்ட வேலை நடந்துகொண்டிருந்தது; பார்வதியின் நீரை முப்பது கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கத்தில் கொண்டுபோகும் 800 மெகாவாட் திட்டம், 2025இல்தான் முழுமை பெற்றது. தூசியைத் தாண்டிப் பாலத்தைக் கடந்தால் ஒற்றையடிப் பாதை. நக்தான் என்ற கடைசிக் கிராமம் வரை ஆப்பிள் மரங்கள் கூட வந்தன. ருத்ரநாக் அருவிக்கு அப்பால் நதியைக் கடந்ததும் தேவதாருக் காட்டுக்குள் ஒரே ஏற்றம். எங்களில் ஒருவருக்கு முழங்கால் தேய்மானம். (யாருக்கு என்பதை எழுதியிருந்தோம், அடிக்கப்பட்டுவிட்டது.) "திரும்பிடலாமா?" என்று ஒருவர் கேட்க, "அம்மாவ ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு மாடி தூக்கிட்டு இறங்கினப்ப இந்தக் காலுதான் இருந்துச்சு" என்று மற்றவர் சொல்ல, அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. இளைஞர்கள் ஐந்து மணி நேரத்தில் ஏறும் பாதைக்கு எங்களுக்கு எட்டரை மணி ஆயிற்று.

ஏறத்தாழ 2,960 மீட்டர் உயரத்தில் ஒரு பசும்புல் சரிவு. அதில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகக் குடில்கள். எங்களுக்குக் கிடைத்ததில் தரையில் மெத்தை, ஆளுக்கு இரண்டு ரஜாய், நடுவே விறகு போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு. அங்கே அதைத் தந்தூர் என்கிறார்கள். ராஜ்மாவும் சோறும் கிடைத்தன. குடிலை நடத்திய பையன், தமிழ்நாடு என்றதும் கைகூப்பி, "கார்த்திக் சுவாமி உங்கள் ஊருக்குத்தானே வந்துவிட்டார்?" என்று இந்தியில் கேட்டான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கீர்கங்கா முருகன் தவமிருந்த இடமாம். பார்க்க வந்த பார்வதி பிள்ளைக்காகப் பாயசத்தையே கங்கையாக ஓடவிட்டாளாம். பின்னாளில் மனிதர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று பரசுராமர் அதை வெந்நீராக்கினாராம். ஊற்றில் மிதக்கும் வெண்படிவு அந்தப் பாயசத்தின் மிச்சமாம். ஆக, வருஷம் திரும்புமுன் முருகன் மலையில்தான் ஏறியிருக்கிறோம். ஊரில் இன்றுவரை சொல்லவில்லை.

விடியுமுன் நாலரை மணிக்கு இருவருக்குமே விழிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருடப் பழக்கம் அங்கும் வந்து எழுப்பியது. தந்தூர் அணைந்திருந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தவர், செய்ய ஒன்றுமில்லை என்பது உறைத்ததும் அப்படியே உட்கார்ந்திருந்தார். மற்றவரும் தூங்குவதுபோல் படுத்திருக்கவில்லை. இது முன்பு பலமுறை செய்தது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் குளத்துக்கு ஏறினோம்.

ஆண்களின் குளம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி திறந்து கிடக்கிறது. பெண்களுக்குத் தனியே சுவரெழுப்பிய தொட்டி. இங்கே நாங்கள் இருவராகப் பிரிய வேண்டியதாயிற்று. கழுத்துவரை இறங்கியவருக்கு எதிரே கரிய மலை விளிம்பு மெல்லச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. லேசான கந்தக வாடை. அவ்வளவு அமைதி. அப்போது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பெரிய, அடக்காத சிரிப்பு. யாருடையது என்று அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்பால் நடந்ததை இனி மற்றவர் சொல்ல எழுதுகிறோம். ஒரு பஞ்சாபி மூதாட்டியை இரண்டு மகள்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வயதானவர் நடுங்குவதைப் பார்த்ததும் கை தானாக நீண்டது. முதுகைத் தேய்த்துவிடப் போனார். கிழவி கையைத் தட்டிவிட்டார். தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்து, தானே இவர் முதுகைத் தேய்க்கத் தொடங்கினார். மொழி தெரியாது. மகள்கள் சிரிக்க, இவரும் சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லையாம். வெளியே வந்து தலை துவட்டும்போது சொன்னது இவ்வளவுதான்: "நான் காய்ச்சாத வெந்நீர்ல குளிச்சு எவ்வளவு நாளாச்சு!"

2018இல் நீதிமன்ற ஆணைப்படி வனத்துறை கீர்கங்காவிலிருந்த குடில்களையும் கூடாரங்களையும் அகற்றியதாகச் செய்தி வந்தது. வருத்தப்பட்டோம். ஆனால் குடில்களின் பின்சரிவில் குவிந்திருந்த பிளாஸ்டிக் பைகளையும் மது பாட்டில்களையும் நாங்களே பார்த்தோம். எங்கள் தந்தூரில் எரிந்ததும் அந்தக் காட்டு விறகுதான். அகற்றியது தவறென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கைகூப்பிய அந்தப் பையன் என்ன ஆனான் என்பதுதான் உறுத்துகிறது.

பயணம் முடிந்து திரும்பிய இரண்டாம் மாதம், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. வாசல் வேம்பு சாய்ந்தது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து, முறிந்த வேப்பங்கிளைகளைப் போட்டுத் தவலையை ஏற்றினோம். ஏற்றியவர் இந்த முறை வேறு ஆள். ஈர விறகு, ஒரே புகை. இன்னொருவர் படியில் துண்டும் கையுமாக உட்கார்ந்து, உதவிக்கு வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் செம்பைத் தோளில் ஊற்றிக்கொண்டு, "சூடு பத்தல" என்றார். மற்றவர் இன்னும் இரண்டு கட்டையை உள்ளே தள்ளினார்.