வற்றிய தொட்டியும் எல்லைக் கணக்கும்

திருத்தணிக்கு அப்பாலுள்ள நகரி, புத்தூர்ப் பகுதிகளோடு நமக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு. ம.பொ.சி. முதலானோர் போராடியதன் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று அமைந்த எல்லைக்கோடு ஒருநாள் பெட்ரோல் விலையையும் பிரிக்கும் என்று எவர் எண்ணியிருப்பார்! இரு மாநில வரிகளும் வேறுபடுவதால், அண்மை ஆண்டுகளில் ஆந்திரப் பக்கம் லிட்டருக்கு ஏழு, எட்டு ரூபாய் வரை கூடுதலாயிருந்திருக்கிறது. ஆகவே திருப்பதியிலிருந்து வருவோர் பலர், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் பொருட்படுத்தாது, தமிழக எல்லைக்குள் வந்தே நிரப்புகின்றனர். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இந்த மிச்சம் இனிக்கவே செய்யும்.

நம் சம்பந்தி ஒருவரும் இக்கணக்கில் தேர்ந்தவர். "நாற்பதாண்டு ஓட்டியிருக்கிறேன், தொட்டி காலியானால் வண்டி நிற்கும், வேறென்ன கெட்டுவிடும்?" என்பார். அவர் பழகிய பிரீமியர் பத்மினிக்கு அது பெரிதும் உண்மையே. அதன் எரிபொருள் பம்பு எஞ்சினை ஒட்டி வெளியே இருந்தது. எஞ்சினின் சுழற்சியே அதை இயக்கிற்று.

2000ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின் கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளை அழுத்தத்தோடு பீய்ச்சும் முறை பரவியது. அதற்குரிய மின்பம்பு தொட்டிக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. தன்னுள் பாயும் பெட்ரோலாலேயே அந்த மோட்டார் சூடு தணிகிறது, மசகும் அதுவே. தொட்டி வற்றினால் குளிர்ச்சி குறையும். மேட்டிலும் வளைவிலும் எஞ்சியது ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்ச நேரும். திருத்தணி மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கும் இது பொருந்தும். டீசல் வண்டியென்றால் தொல்லை மிகுதி; முற்றும் தீர்ந்து குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால், டீசல் ஊற்றினாலும் பல வண்டிகள் உடனே கிளம்பா. காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

அடியில் படிந்த கசடு அப்போதுதான் ஏறும் என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சம் மிகையானது. தொட்டி நிறைந்திருந்தாலும் பம்பு அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது? என்றோ ஒருநாள் விளக்கு எரிய ஓட்டியதால் வண்டி பாழாகிவிடாது. வாரந்தோறும் அவ்வாறே ஓட்டும் வழக்கம்தான் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

சம்பந்தியின் பம்பு சென்ற கோடையில் நின்றது, புத்தூரைக் கடந்த சிறிது தொலைவில். வண்டியில் இருந்தவர்கள் ஒரு ஜனாஸாவுக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். வேறு வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பம்பு மாற்றப் பல ஆயிரம் ஆயிற்று. முப்பது லிட்டருக்கு அவர் மிச்சம் பிடித்து வந்ததோ இருநூறு ரூபாய் சொச்சம். அந்தப் பம்பு வேறு காரணத்தாலும் கெட்டிருக்கலாம் என்று அவர் இன்றும் வாதிடுவார். அதை நாமும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் இப்போது அவர் ரேணிகுண்டாவிலேயே ஐந்து லிட்டர் போட்டுக்கொள்கிறார். மீதியைத் திருத்தணியில் நிரப்புகிறார். கூடுதலாகப் போவது 40 ரூபாய்க்கு மேலில்லை.