பிள்ளைகளுடன் நீலமலையில் மூன்று நாள்கள்



பள்ளி விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் கேள்வி, "இவ்வாண்டு எங்கே செல்வது?" என்பதே. விடை பெரும்பாலும் ஊட்டியாகவே இருக்கும். வேன் ஒன்றை அமர்த்தி, நள்ளிரவில் புறப்பட்டு, தாவரவியல் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா, குன்னூர் என ஒரே பகலில் ஓடியோடிப் பார்த்து, மறுநாளே வீடு திரும்பிவிடுகிறோம். வளைவுதோறும் வாந்தியெடுத்துக் களைத்த பிள்ளைகளின் நினைவில் மலை நிற்பதில்லை. எல்லாருக்கும் சோறு கட்டி, பாத்திரம் கழுவி, கைக்குழந்தையையும் சுமந்த தாய்மாருக்கோ, வீட்டு அடுக்களையே மலையேறி வந்தது போலத்தான் இருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒரு வழி உண்டு. ஊட்டிக்குச் சுற்றுலாவாகச் செல்லாமல் முகாமாகச் செல்லுங்கள். ஓரிடத்தில் மூன்று நாள்கள் தங்குதல், குறைந்த பொருள்களோடு வாழ்தல், வேலைகளை அனைவரும் பங்கிட்டுக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முகாம். அதற்காகக் காட்டுக்குள் கூடாரம் அடிக்க வேண்டியதில்லை, அடிக்கவும் கூடாது.

கூடாரம் எங்கே?

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986ஆம் ஆண்டு இந்தியாவிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டது. யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் மலை இது. குன்னூர், கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் பட்டப்பகலிலேயே மேய்கின்றன. அடுத்துள்ள வயநாட்டின் மேப்பாடியில், 2021 ஜனவரியில், கூடாரங்கள் அமைத்திருந்த ஒரு விடுதியில் தங்கிய பெண்ணொருவர் யானை தாக்கி உயிரிழந்தார். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் சட்டப்படி குற்றமாகும்.

ஆனால் பிள்ளைகளின் கூடார ஆசையை ஏன் கெடுக்க வேண்டும்? பயணத்திற்கு ஒரு வாரம் முன்பே, உங்கள் வீட்டு மொட்டைமாடியில் கயிறும் பழைய போர்வையும் கொண்டு ஒரு கூடாரம் கட்டச் செய்யுங்கள். ஓர் இரவு அதிலேயே உறங்கட்டும். என்னென்ன தேவை, எதையெல்லாம் வீணாகச் சுமக்கிறோம் என்பது அன்றிரவே விளங்கிவிடும். ஊட்டியில் சுற்றுச்சுவர் உள்ள தங்குவீடாகப் பார்த்து எடுத்தால், அதன் முற்றத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு பகல் நேரத்தில் அதே கூடாரத்தைக் கட்டலாம். பொழுது சாய்ந்ததும் அனைவரும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

பயண ஏற்பாடு

தங்குமிடத்தையும் இரயில் இருக்கையையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ நீலகிரிக்கு வருவோர் இ-பாஸ் பெற வேண்டும் என்னும் நடைமுறை, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. புறப்படும் முன் அப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்திலும் இரயிலிலும் வருவோருக்கு இத்தொல்லை இல்லை.

பிள்ளைகளுக்கு மலை இரயிலே சிறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர்; 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இப்பாதையை, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல் வைத்த இருப்புப் பட்டைகள் இருப்பதைக் காட்டுங்கள். எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் பெட்டிகளை முன்னின்று இழுக்காமல் பின்னின்று தள்ளுகிறது. ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள்; வீடு திரும்புவதற்குள் விடை கண்டுபிடித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் இச்சேவை நிறுத்தப்படுவதுண்டு. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைத்தால், பருவமழை மாதங்களில் குழந்தைகளோடு செல்லாதிருப்பதே நலம்.

ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறைகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே மேட்டுப்பாளையத்தில் வியர்த்து நின்ற பிள்ளை, மேலே இறங்கும்போது நடுங்கும். கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய், இரண்டு இணை காலுறை ஆகியவற்றைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

பாரமும் பங்கும்

ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் தன் உடையைத் தன் பையில் தானே சுமக்கட்டும். ஒருவருக்குத் தண்ணீர்ப் பொறுப்பு, ஒருவருக்குச் செருப்பு வரிசை, ஒருவருக்குக் குப்பைப் பை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்கும் தடை உண்டு; எவர்சில்வர் குப்பிகளை எடுத்துச் செல்லுங்கள்.

சமையல் வாப்பாவின் பங்காக இருக்கட்டும்! முதல் நாளுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே போதும். பொரித்த உப்புக்கண்டம் மூன்று நாளும் தாங்கும். மற்ற வேளைகளில் குக்கரில் ஒரே சோறு, ஒரே குழம்பு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசியும் பருப்பும் வேகத் தாமதமாவது அதனால்தான். இதனையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மாலைத் தேநீருக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்போ கணப்போ வைத்து உறங்கவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிர் பிரிந்த துயரங்கள் மலையூர்களில் நிகழ்ந்துள்ளன.

மூன்று நாள்கள்

முதல் நாள் இரயிலோடு கழியட்டும். இரண்டாம் நாள், 1848இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் அரைநாள் போதும். அங்குள்ள கல்லாய்ச் சமைந்த மரத்தின் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் என்பதைச் சொல்லி, பிள்ளைகள் அருகிருந்து பார்க்கவிடுங்கள். மூன்றாம் நாள் காட்டு நடை. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், ஊட்டியை அடுத்த கெய்ர்ன்ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை ஆகிய எளிய பாதைகள் உள்ளன. வழிகாட்டி உடன் வருவார். முன்பதிவு அவசியம், காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும். லாங்வுட் சோலை 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடையாக விடும் சோலைக்காட்டின் அருமை, தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்ற நம் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொழுகை நேரங்களைப் பயணத் திட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் பள்ளிவாசல்கள் உண்டு. வெளியிடங்களுக்கு ஒரு திசைகாட்டி தேவை. மூடுபனி இறங்கினால் கதிரவன் எங்கே என்றே தெரியாது. ஊட்டியிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்திருக்கிறது. மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அங்கே கதிரவன் மறைவதும் ஏறத்தாழ அதே திசையில்தான். மஃரிபுக்குச் சற்று முன் பிள்ளைகளை மேற்கு நோக்கி நிறுத்தி, கிப்லாவை அவர்களே கண்டறியச் செய்யுங்கள். ஒளுவுக்கு வெந்நீர் காய்ச்சி வைப்பதும் ஒரு பிள்ளையின் பொறுப்பாகட்டும்.

இப்படிச் சென்றால் படகுச் சவாரியும் ஐந்தாறு காட்சி முனைகளும் விட்டுப்போகும். போகட்டும். அந்த நேரத்தில் உம்மா ஒரு கோப்பைத் தேநீரோடு முற்றத்தில் அமர்ந்து மலையைப் பார்ப்பார். பல வீடுகளில் அவருக்கு ஊட்டியில் கிடைக்கும் முதல் ஓய்வு அதுவாகவே இருக்கும். இவ்விடுமுறையில் முயன்று பாருங்கள். உங்கள் பயணம் இன்ஷா அல்லாஹ் நலமாக அமையும்!