அணை எவ்வளவு?

ஜூலை 18, வெள்ளி. கம்பம்.

தேனியைத் தாண்டியதிலிருந்து மகள் கேட்டுக்கொண்டே வந்தாள், "பள்ளத்தாக்கு எப்பப்பா வரும்?" உத்தமபாளையம் கடந்தபோதுதான் எனக்கே உறைத்தது, நாங்கள் அதற்குள் வந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் தள்ளி இருக்கிறது. நடுவே வயல், தென்னை, வாழை, சாலை, பேருந்து, சந்தை. இங்கே யாரும் இதைப் பள்ளத்தாக்கு என்று சொல்லி நான் கேட்கவில்லை. மேக்க மலை, கெழக்க மலை. அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு ஒன்றில் தங்கல். ஆடிக்காற்று ஓட்டைப் பிய்த்துவிடும் போலிருக்கிறது.

ஜூலை 19, சனி.

காலை டீக்கடை. சைக்கிளை நிறுத்தியபடியே ஒரு பெரியவர் கேட்டார், "அணை எவ்வளவு?" பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "நூத்திமுப்பதத் தாண்டிருச்சுண்ணே." அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகுதான் டீ சொன்னார். பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். சென்னையில் நாங்கள் வெயில் எத்தனை டிகிரி என்று கேட்பதுபோல.

அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது. முல்லைப்பெரியாறு. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்ன எண் இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறப்பார்கள். அதை நம்பி 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல். இப்போது நாற்று பிடித்து நிற்கிறது. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் நாங்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

மதியம் லோயர் கேம்ப். நான்கு பெரிய குழாய்கள் மலைமேலிருந்து நேராக மின்நிலையத்துக்கு இறங்குகின்றன. மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டிய ஆற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டது 1895இல். மின்சாரம் எடுப்பதெல்லாம் பிறகு வந்தது. அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில் மகளுக்கு இதை விளக்கினேன். "அப்ப இது வேற ஊருல பெய்யுற மழையா?" என்றாள். ஆமாம், அதேதான். மேகமும் பாதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறது. நமக்குச் சாரலும் காற்றும்.

காலையில் டீக்கடைச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் மீசை வைத்த அந்தத் துரையின் படத்துக்குப் பூ போட்டிருந்தார்கள். சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று இங்கே சொல்லாதவர் இல்லை. ஆவணம் உண்டா என்று நான் வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள்.

ஜூலை 20, ஞாயிறு.

திராட்சைத் தோட்டம். கல்தூண், கம்பி, அதன்மேல் பந்தல். உள்ளே நுழைய என் உயரத்துக்குக் குனிய வேண்டியிருந்தது. தலைக்கு மேல் கறுப்புக் கொத்துகள், இலை வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக. பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து பண்ணியதிலிருந்து நான்கு மாதம் போல ஆகும் பழம் வெட்ட. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைப்பதால் எந்த மாதம் வந்தாலும் எங்காவது பழம் இருக்கும்.

ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். வெட்டிக்கொண்டிருந்த அக்கா பதறினார்: "பழத்தத் தொடாதீங்கண்ணே! காம்பப் பிடிங்க." பழத்தின்மேல் விபூதி பூசியதுபோல் மெல்லிய வெள்ளைப் படிவு இருக்கிறது. அது அழியாமல் இருந்தால்தான் பழம் புதுசு என்று வியாபாரி எடுப்பாராம். அவர் ஒரு கையால் காம்பைப் பிடித்து, கத்தரியால் நறுக்கி, அழுகிய பழம் இரண்டை நுனியால் கழித்து, பெட்டியில் படுக்க வைத்தார். ஒரு பழத்தில்கூட விரல் படவில்லை. என் கொத்தில் நான்கு இடத்தில் பளபளவென்று கட்டைவிரல் ரேகை. "இத நீங்களே வச்சுக்கங்க," என்று கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. கொட்டையோடு, தோலோடு, நல்ல புளிப்பு இனிப்பு. விதையில்லாததுதான் வேண்டும் என்று கேட்கிற நகரத்து நாக்கை என்ன சொல்ல.

ஜூலை 21, திங்கள்.

சின்னமனூர் வழியாக மேகமலை. 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மகள் ஐந்தாவது பூவில் வாந்தி. இருட்டுவதற்குள் சோதனைச் சாவடியைத் தாண்டி இறங்கிவிட வேண்டும் என்பதால் தேயிலைத் தோட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனால் வளைவு ஒன்றில் நிறுத்தியபோது கீழே முழுப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. மேற்குச் சுவரின் உச்சியில் மேகம் பொங்கி நின்றது, பாலைப் போல. பொங்கி வழிந்து பாதி மலையில் காணாமல் போனது. நேற்று நின்ற பந்தல்கள் எங்கே என்று தேடினோம். ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூலை 22, செவ்வாய். அதிகாலை.

ஐந்து மணிக்கு ஜீப் சத்தத்தில் விழித்தேன். கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்; தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள், ஒரு வண்டிக்குள் எத்தனை பேர் என்று எண்ண முடியாத நெருக்கத்தில். மாலையில் இறங்கிவிடுவார்களாம். தண்ணீர் அங்கிருந்து வருகிறது, ஆள் இங்கிருந்து போகிறது.

மாடியில் நின்றேன். மலை இன்னும் தெரியவில்லை. இருட்டில் விளக்குகள் மட்டும் வளைந்து வளைந்து ஏறின. எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் தவறவிட்டேன்.